கவிழ்த்து வரைந்த படம்

பீல்
சுவிற்சர்லாந்து
6.10.1985

அன்புள்ள அண்ணைக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதோ, அண்ணி எப்படி, நான் உங்கள் வீட்டில் விட்டுவந்த மனைவி சிவகலாவும் பிள்ளையும் கரைச்சல் தராமல் இருக்கிறார்களோ என்று எழுதுங்கள்.

ஒரு புதினம். ஹோட்டலில் சட்டி கழுவுகிற வேலையை விட்டுவிட்டேன். இந்த ஊரில் பழைய றெயில் கோச்சிப் பெட்டிகளைத் திருத்தி ஓடவிடுகிற சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்களின் பட்டறையில் இப்போது பழைய பெயின்ற் சுரண்டுகிறேன். சிலோனில் றெயில்வேயில் வேலை செய்தவன் என்று சொன்னேன், எடுத்துவிட்டார்கள். ஸ்ரோர்ஸில் ஆணியும் நட்டும் எடுத்துக் கொடுத்த கிளாக்கர் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இப்போது திருத்துவது 1869ஆம் ஆண்டுப் பயணிகள் பெட்டி. அந்தக் காலத்துப் பெட்டிகள் குலுக்கின குலுக்கில் சனம் வயிறு புரட்டிச் சத்தி எடுக்குமாம். அதனால் ஆளாளுக்கு ஒரு வித்தை செய்து பார்த்திருக்கிறார்கள். ஒருத்தன் றப்பர் வட்டுகளை அடுக்கி அதன்மேல் பெட்டியை வைத்தானாம். இன்னொருத்தன் தோல்வாரில் தூக்கினானாம். இந்தப் பெட்டியைச் செய்தவர்கள், தண்டவாளத்தில் ஓடுகிற சில்லுக்கு மேலே இருக்கிற சட்டத்திலிருந்து நாலு இரும்புக் கம்பியில் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இப்போது கம்பிகளும் இல்லை, படமும் இல்லை. மேலே சட்டத்திலும் துளைகள், கீழே பெட்டியைத் தாங்குகிற தொட்டிலிலும் துளைகள். ஒவ்வொன்றிலும் நெருக்கமாக ஒரு சோடி, அகலமாக ஒரு சோடி. அவர்களும் மாற்றி மாற்றிக் கொளுவிப் பார்த்திருக்க வேண்டும். எதை எதில் கொளுவுவது என்று எங்கள் மாஸ்டர் ஹெர் ஏபி (ஹெர் என்றால் மிஸ்டர்) நாலு மாதமாக மண்டையைப் போட்டு உடைக்கிறார்.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. மலைப்பாதைப் பெட்டிக்கு நீங்களும் இப்படி ஏதோ செய்தீர்கள் அல்லவா? தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
குலேந்திரன்

கொக்குவில்
2.11.1985

தம்பி குலேந்திரனுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். என் முழங்கால் பற்றி ஒன்றரை வருடத்துக்குப் பிறகு விசாரித்திருக்கிறாய், சந்தோசம். நீ போன பிறகு எனக்கு எழுதிய மூன்றாவது கடிதம் இது. அதுவும் நாலு கம்பிக்காக.

‘இப்படி ஏதோ’ என்று எழுதியிருக்கிறாய். ஏதோ இல்லையடா. 1971இல் எட்டு மாதம், வேலை முடிந்த பிறகு சம்பளமில்லாமல் நின்று செய்தேன். மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றைத் தொங்குகம்பியில் போட்டு மலைப்பாதையில் ஓடவிட்டேன். மேலதிகாரி நிறையத் தேத்தண்ணி ஊற்றின கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது வளைவு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இறங்கி, “நல்லாயிருக்கு ஜெகதீஸ்வரன், ஆனால் இது ஆருக்குத் தேவை?” என்று கேட்டுவிட்டுப் போய், பைலை மூடினார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் றெயில்வே குவாட்டர்ஸை எரித்தபோது படங்களும் போயின. அண்ணியும் நானும் உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியது உனக்குத் தெரியும்.

பதினாலு வருடத்தில் அந்தக் கம்பியைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் உன் மாஸ்டர்தான். அதனால்தான் வரைந்தேன், உன் கடிதத்துக்காக அல்ல. நாலு நாள் இருந்து ஞாபகத்திலிருந்து வரைந்தது இத்துடன் இருக்கிறது. வேலைத்தளத்தில் வரைகிற மாதிரியே வரைந்திருக்கிறேன். என் அண்ணை வரைந்தது என்று சொல்லிக் கொடு. ஏதும் சந்தேகமென்றால் அவர் எனக்கு நேரே இங்கிலிசில் எழுதட்டும், பதில் போடுவேன்.

குளிருக்குக் காதை மூடு.

இப்படிக்கு,
க. ஜெகதீஸ்வரன்
றெயில்வே போர்மன் (ஓய்வு)

பீல்
8.12.1985

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். எனக்கு மூக்கொழுகுகிற தடிமன், வேறு குறையில்லை.

படம் கிடைத்தது. தாள் மெல்லிசாக இருந்தபடியால் யன்னல் கண்ணாடியில் வைத்து, பெரிய தாளில் நானே படியெடுத்தேன். ஹெர் ஏபிக்கு நல்ல விருப்பம். கம்பிகள் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பனி முழங்கால்வரை கொட்டுகிறது. வேறு விசேடமில்லை.

அன்புத் தம்பி,
குலேந்திரன்

கொக்குவில்
9.1.1986

தம்பி குலேந்திரனுக்கு,

நாங்கள் சுகம். கோட்டையிலிருந்து ஆமிக்காரன் ஷெல் அடிக்கிற நாட்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவதில்லை. அவள் அதைப் பெரிய லீவு என்று நினைத்துக்கொண்டு முற்றம் முழுக்க ஓடித் திரிகிறாள்.

‘நல்ல விருப்பம்’ என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டாய். மனிதன் என்ன சொன்னான்? படத்தைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லையோ? கேட்காமல் இருக்க முடியாதே! ஒரு போர்மன் இன்னொரு போர்மனிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. என் பெயரைச் சொன்னாயோ? விபரமாக எழுது. தபால்காரன் படலையைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும் அண்ணி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
க. ஜெகதீஸ்வரன்

பீல்
23.3.1986

அன்புள்ள அண்ணைக்கு,

சுணங்கி எழுதுவதற்கு மன்னியுங்கள். வேலை கூடிப்போச்சு. நீங்களும் அண்ணியும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.

நல்ல செய்தி. என்னைப் பெயின்ற் சுரண்டுகிற இடத்திலிருந்து எடுத்து, பெட்டியின் பாகங்களைப் பூட்டுகிற இடத்தில் விட்டிருக்கிறார்கள். எனக்கு இங்கே இருக்க வருட பெர்மிட் தரச்சொல்லி, நான் அவர்களுக்கு அவசியம் தேவையான ஆள் என்று, சங்கத் தலைவர் மாநில அரசுக் கந்தோருக்குக் கடிதம் எழுதப் போகிறார். அந்த பெர்மிட் கிடைத்தால்தான் சிவகலாவையும் பிள்ளையையும் கூப்பிடலாம். அகதி வழக்கை மட்டும் நம்பியிருந்தால் பிள்ளை பெரியவளாகிவிடுவாள். பெட்டி மே மாதம் பதினோராம் தேதி சனத்தை ஏற்றிக்கொண்டு முதல் ஓட்டம் ஓடும்.

மற்றவற்றைப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.

அன்புத் தம்பி,
குலேந்திரன்

கொக்குவில்
24.4.1986

குலேந்திரன்,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நீ சிவகலாவுக்கு அனுப்பின பேப்பர்த் துண்டைப் பார்த்தேன். அவள்மேல் பாயாதே. புருசன் பெட்டியின் கம்பிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற படம் பேப்பரில் வந்த பெருமையில் கொண்டுவந்து காட்டினாள். ‘அண்ணைக்குக் காட்டவேண்டாம்’ என்று நீ எழுதின வரியையும் சேர்த்துக் காட்டினாள். ஏன் அப்படி எழுதினாய் என்று பாவம் அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. யேர்மன் தெரிந்த அந்தோனிதாஸ் பாதரிடம் சைக்கிளில் போய் வாசிப்பித்தேன். ‘இந்தப் புதிருக்கு விடை கண்டவர் சிலோன் றெயில்வேயின் பெட்டி நிபுணர் ஹெர் கனகரத்தினம்’ என்று வாசித்துவிட்டு, “இது ஆர், உங்கட தகப்பனோ?” என்று கேட்டார்.

கள்ளப் பயலே! அந்த நாட்டுக்காரருக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர், எனக்கும் உனக்கும் ஒரே பெயர்தான், ஆகவே பொய் சொன்னதாகாது என்று நீ மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் சீனிப்போத்தலில் கைவைத்து அகப்பட்டபோதும் இப்படித்தான் நியாயம் கதைத்தாய். அப்பா சங்கக்கடை மனேச்சர். சீவியத்தில் மூன்று முறை கோச்சியில் ஏறினார், மூன்று முறையும் பளை ஸ்ரேசன் தாண்டமுதல் சத்தி எடுத்தார். அந்த மனிதன் பெட்டி நிபுணராம்! நீ நிபுணனாம்! ஸ்பானரில் எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று உனக்குத் தெரியுமோ?

என்னிடம் வீடில்லை. இது அண்ணியின் வீடு. பென்சன் ஒழுங்காக வருவதில்லை. பிள்ளை இல்லை. இந்த ஒரு படம்தான் என் தலைக்குள் மிச்சம் இருந்தது. கேட்டாய், தந்தேன். அதையும் எடுத்துக்கொண்டுபோய் உன் பெயரில் மாட்டிவிட்டாய். உன் மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொல். சொல்லும்வரை எனக்குக் கடிதம் போடாதே.

க. ஜெகதீஸ்வரன்

தந்தி
யாழ்ப்பாணம், 26.4.1986

பேப்பர் படம் திரும்பப் பார்த்தேன். கம்பிகள் தலைகீழ். பெட்டி ஓடக்கூடாது. யாருடைய படம் என்று மாஸ்டரிடம் சொல். ஜெகதீஸ்வரன்.

பீல்
12.5.1986

அண்ணை,

நான் உயிரோடு இருக்கிறேன். நேற்றைக்கு அந்தப் பெட்டியில் ஏறிய அறுபத்துநாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அதைத்தான் முதலில் அறிய விரும்புவீர்கள்.

தந்தி முப்பதாம் தேதி வந்தது. மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ‘தலைகீழ்’ என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால், நானே யோசித்துப் பிடித்த பிழை மாதிரிச் சொல்லித் திருத்தியிருப்பேன். ஓம், அப்படித்தான் செய்திருப்பேன், ஒளிக்கவில்லை. நாலாம் நாள் ஏபியிடம் போய், கம்பி பிழை என்றேன். எப்படிப் பிழை என்று கேட்டார். தெரியாது என்றேன். “நீங்கள்தானே வரைஞ்சனீங்கள்?” என்றார். தந்தியை நீட்டினேன். “நான் வரையேல்லை. என்ர அண்ணை வரைஞ்சது. நான் ஸ்ரோர்ஸ் கிளாக்கர்” என்றேன். அந்த மனிதன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பெட்டிக்குள் மணல்மூட்டை ஏற்றி, வளைவில் தள்ளிப் பார்த்தார்கள். உள்பக்கம் சாயவேண்டிய பெட்டி வெளிப்பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. போகிற பாதையில் மலையை வெட்டின சுவர் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது. ஏபி என் படியையும் உங்கள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, உங்கள் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். “உங்கட அண்ணை சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்யிறவர்” என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளில் எல்லாம் சரி.

இப்போது நான் கேட்கிறேன். வேலைத்தளத்தில் சட்டத்தை மரக்குற்றியில் கவிழ்த்துப் போட்டுத்தான் கம்பி கொளுவுவது, அதனால் படத்தையும் கவிழ்த்துத்தான் வரைவது என்று ஒரு வரி எழுத உங்கள் கைக்கு என்ன வந்தது? எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தீர்கள்! உங்களுக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் முட்டாள். நாற்பது வருடமாக நான் அந்த முட்டாள்தானே? ஸ்ரோர்ஸ் வேலை நீங்கள் எடுத்துத் தந்தது. கலியாணம் நீங்கள் பேசினது. எங்கே போனாலும் ஜெகதீஸ்வரனின் தம்பி. இங்கே ஐந்து மாதம் என்னை ‘ஹெர்’ போட்டுக் கூப்பிட்டார்கள், அண்ணை. ஒருத்தரும் யாருடைய தம்பி என்று கேட்கவில்லை. ருசி கண்டுவிட்டேன், பிழைதான். ஆனால் தந்தியில் ‘சட்டம் கவிழ்ந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கலாம். எனக்கும் விளங்கியிருக்கும். அந்தக் காசுக்கு ‘யாருடைய படம் என்று சொல்’ என்று எழுதினீர்கள்.

சங்கத் தலைவர் மாநிலக் கந்தோருக்கான கடிதத்தை நிறுத்திவிட்டார். படம் என்னுடையதென்றால் நான் தேவையான ஆள். உங்களுடையதென்றால் நான் பெயின்ற் சுரண்டுகிறவன், அதற்கு யாரும் பெர்மிட் கேட்டு எழுதமாட்டார்கள். “ஒரு நாள் ஒரு கதை, மற்ற நாள் வேற கதை. அண்ணை கையெழுத்திட்டு எழுதட்டும், அதை நம்புவம்” என்றார். ஏபி உங்களுக்கு இங்கிலிசில் எழுதுகிறார். விடை கண்டவரின் பெயரை வெட்டிப் பெட்டியில் பதிக்கிற பித்தளைத் தகடும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

குலேந்திரன்

கொக்குவில்
15.6.1986

குலேந்திரனுக்கு,

இங்கே சுகத்துக்கு என்ன குறை. போன கிழமை சந்தைக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. பிள்ளை இப்போது சத்தம் கேட்டதும் தானே மேசைக்குக் கீழே போய்விடுகிறாள், யாரும் கூப்பிடத் தேவையில்லை.

கவிழ்த்து வரைவதை எழுதாமல் விட்டது என் பிழையாம். ஒரு போர்மன் பார்த்தால் ‘இது எந்தப் பக்கம் மேல்?’ என்று கேட்பான். ஏபியும் கேட்டிருப்பார். யாரைக் கேட்டார்? உன்னைக் கேட்டார். நீ என்ன சொன்னாய்? தெரிந்த மாதிரித் தலையாட்டியிருப்பாய். என்மேல் பழி போடாதே.

அவருடைய கடிதம் வந்தது. ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கியிருக்கிறார். இரண்டு பக்கம். பெட்டி எப்படி ஓடியது, எந்த வேகத்தில் மெல்ல ஆடியது, கம்பியின் நீளத்தை நான் எப்படிக் கணித்தேன் என்றெல்லாம். முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தேன், ஒரு மேலதிகாரி என்னிடம் ‘எப்படி’ என்று கேட்கவில்லை. கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் படம் யாருடையது, தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்.

நான் உண்மையைத்தான் எழுதுவேன். தகட்டில் என் பெயரை முழுதாக வெட்டட்டும். ஜெகதீஸ்வரன் என்று. உனக்கு வேலை போனால் திரும்பவும் சட்டி கழுவு. அதற்குப் படம் தேவையில்லை.

க. ஜெகதீஸ்வரன்

பீல்
9.7.1986

அண்ணை,

சுகத்துக்கு வேண்டுகிறேன்.

எழுதுங்கள். உங்கள் பெயர், உங்கள் படம். நான் ஏபியிடம் சொன்னதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

சிவகலாவின் கடிதம் வந்தது. உங்களுக்கு அவள் சொல்லியிருக்க மாட்டாள். விசா வராதென்று அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையோடு மன்னாரால் படகேறி ராமேஸ்வரம் போகப் போகிறாளாம். போன மாதம் அப்படிப் போன படகொன்றை நேவி சுட்டதை இங்கே பேப்பரில் பார்த்தேன். வேண்டாமென்று எழுதினேன். பதில் இல்லை. கோபம் என்மேல்தான், உங்கள்மேல் அல்ல. அவளைத் தடுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள். இதை மட்டும் கேட்கிறேன்.

குலேந்திரன்

கொக்குவில்
3.8.1986

குலேந்திரனுக்கு,

சிவகலாவும் பிள்ளையும் இந்தக் கடிதம் எழுதும்வரை இங்கேதான் இருக்கிறார்கள், சுகம்.

உன் கடிதம் வந்தவுடன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஓம், போறன்” என்றாள், முகத்தைப் பார்க்காமல். கடலில் அந்தப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் என்ன செய்வாய் என்று சத்தம் போட்டேன். “இங்க ஒண்டு நடந்தா நீங்கள் என்ன செய்வியள்?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு, “அவர் செய்தது களவுதான், பெரியத்தான். நான் அவருக்காகக் கதைக்க வரேல்லை” என்று சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள். அவள் என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் ஏசிக் கலைத்திருப்பேன். கேட்கவில்லை. சின்னவளின் சட்டைகளை ஒரு சின்னப் பையில் அடுக்கி வைத்திருக்கிறாள். அண்ணி மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போய் அந்தப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.

இன்றைக்கு ஏபிக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அதில் இருப்பதை நீ தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் தடுமாறுவாய். தொங்குகம்பி முறை என் தம்பி குலேந்திரனுடையது. அவன் இங்கே இருந்த காலத்தில் வரைந்தது என் கையில் இருந்தது, அவன் கேட்டபோது படியெடுத்து அனுப்பினேன். நான் என் பழக்கத்தில் கவிழ்த்து வரைந்துவிட்டேன், ஆகவே பிழை என்னுடையது. தன்னுடையதல்ல என்று அவன் சொன்னது மூத்தவனின் மானத்தைக் காப்பாற்ற, எங்கள் ஆட்கள் அப்படித்தான். தந்தியை நான் பொறாமையில் அடித்தேன். ‘பொறாமை’ என்ற சொல்லை எழுத மூன்று தாள் கிழித்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சிவகலாவிடம் மார்கழி வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். பையை அவிழ்க்கவில்லை, ஆனால் பொறுப்பதாகச் சொன்னாள். அந்தத் தலைவரின் காலைப் பிடிப்பாயோ கையைப் பிடிப்பாயோ, மார்கழிக்குள் பெர்மிட் எடு.

இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்தால் நீ மடையன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறவில்லை, இனி ஆறவும் போவதில்லை. தகட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பாதே.

ஏபி நல்ல வேலைக்காரன். கட்டாயம் உன்னைக் கூப்பிட்டு வைத்துக் கேட்பார். பாடமாக்கி வை. மேலே சட்டத்தில் நெருக்கச் சோடி, கீழே தொட்டிலில் அகலச் சோடி. வளைவில் பெட்டி வெளியே தள்ளப்படும்போது வெளிப்பக்கக் கம்பி இன்னும் சரிந்து அந்தப் பக்கத்தைத் தூக்கும். உள்பக்கக் கம்பி நிமிர்ந்து இந்தப் பக்கத்தை இறக்கும். அதனால் பெட்டி உள்ளே சாயும், சனம் விழாது. கம்பி நீளம் ஏன் பதினேழு அங்குலம் என்று கேட்டால், பதினைந்தில் உதறியது, இருபதில் தொட்டில் தண்டவாளத்தை முட்டப் பார்த்தது, எட்டு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தேன் என்று சொல். பார்த்தேன் என்று சொல். அண்ணை பார்த்தார் என்று வாய் தவறிச் சொல்லிவிடாதே.

அண்ணை